கிறவல் மண் பிடித்த சாயம்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனால் தண்ணீரைப் பற்றி எனக்குச் சொல்லித்தர இன்னும் ஒருவன் பிறக்கவில்லை. ஐம்பதுகளில் கனகராயன்குளத்துக்கு அப்பால் அரசாங்கம் காடு வெட்டி எங்களுக்குக் காணி தந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களில் முதலில் கிணறு வெட்டியவன் நான்தான். ஊறி வந்ததோ பழைய தேயிலைச் சாயம் போன்ற தண்ணீர்.

காட்டுச் சருகு காலங்காலமாக ஊறிய சாறு அது. கையில் அள்ளினால் வழுவழுக்கும். நனைந்த சாக்கை ஒரு கிழமை மூடிவைத்துத் திறந்தது போன்ற மணம். சோறு பழுப்பு, தோய்த்த வேட்டியும் பழுப்பு.

என் மனைவி முகர்ந்து பார்த்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இதைக் குடிச்சுக்கொண்டு நான் இருக்கமாட்டன். வருஷப் பிறப்புக்குள்ள நல்ல தண்ணி இல்லையெண்டால் அம்மா வீட்டை போயிடுவன்."

குடும்பத்தோடு குடியிருக்காதவனின் காணியைத் திருப்பி எடுத்துவிடுவார்கள். அவள் போனால் என் மூன்று ஏக்கரும் போகும்.

தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்தால் கலங்கல் தெளியும் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரிந்ததுதான். உரைத்தேன். சேறு அடங்கியது, சாயம் அசையவில்லை. குடத்துக்கு ஒரு கொட்டை என்றால் கிணற்றுக்கு ஒரு சாக்கு என்று நினைத்தேன். காட்டில் பொறுக்கி, உரலில் இடித்து, அத்தனையையும் கொட்டினேன். ஏழாம் நாள் கிணறு நுரைத்தது. நூல் நூலாகச் சளி மிதந்தது. செத்த பெருச்சாளி நாற்றம்.

அந்தப் பகுதியிலேயே பிறந்தவரான பக்கத்துக் காணிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சான், கிணத்துக்குக் கஞ்சி வைச்சனீரோ?"

"மருந்து போட்டனான்."

"ஓம், ஓம். கிணறு செத்துப் போச்சு. செத்த வீட்டு எட்டுச் செலவு எப்ப?"

இடுப்பளவு சளியில் நின்று மூன்று நாள் இறைத்தேன். இரண்டு தடவை சத்தி எடுத்தேன். எல்லாவற்றையும் தெருவோர வடிகால் கானுக்குள் ஊற்றினேன். கடைசி வாளிகளில் வந்தது அதே சாயத் தண்ணீர். றோட்டுப் போடக் கொண்டுவந்து கொட்டியிருந்த செங்கிறவல் மண் அந்தக் கானுக்குள் சரிந்து கிடந்தது. அடுத்த நாள் பார்த்தால், மண்ணுக்கு மேல் நின்ற தண்ணீர் வெளுத்திருந்தது. சிவப்பு மண்ணோ கறுத்துப் போயிருந்தது. வேறொருவன் என்றால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பான். நான் குந்தியிருந்து பார்த்தேன். சாயத்தை மண் பிடித்துவைத்துவிட்டது.

ஒரு பீப்பாயில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, சல்லடையில் அரித்த கிறவல் மண்ணைப் போட்டு, தடியால் கலக்கி அடைய விட்டேன். விடிந்ததும் தண்ணீர் தெளிந்திருந்தது. பிற்காலத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவர், கரைந்த சருகுச்சாறு அந்த மண்ணிலுள்ள இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு அடியில் படிகிறது என்று விளக்கினார். அவர் புத்தகத்தில் படித்ததை நான் கானுக்குள் கண்டவன்.

வருஷப் பிறப்புக்கு இரண்டு நாள் இருக்க, மனைவிக்கு ஒரு செம்பு கொடுத்தேன். றங்குப்பெட்டி கட்டியபடி கிடந்தது. ஒரு மிடறு குடித்தாள். பிறகு பீப்பாயின் அடியை எட்டிப் பார்த்தாள். அட்டையின் முதுகு போல மினுங்கிக்கொண்டு கறுப்புக் களி.

"தண்ணி பரவாயில்லை. ஆனா இந்த ஊத்தையை நான் தொடன். நீங்கள்தான் ஒவ்வொரு நாளும் வழிக்கோணும். ஒரு நாள் தப்பினாலும் வெளிக்கிட்டிடுவன்."

"ஓம், வழிக்கிறன்."

அன்றைக்கே முழங்கைவரை கையை விட்டு வழித்தேன். குழாய்க்கிணறு வரும்வரை ஒரு நாளும் தப்பவில்லை. நகத்துக்குள் ஏறியது சவர்க்காரத்துக்கும் போகவில்லை. என் காணியில் விளைந்த சோற்றைக் குமட்டலோடு சேர்த்துத்தான் விழுங்கினேன்.