அக்காவின் கேக் டின்கள்

1. அக்கா செங்கல்பட்டில் மருத்துவமனையில் இருந்த காலமெல்லாம் அவருடைய கேக் அறை பூட்டியே கிடந்தது. கடற்காற்றில் டின்கள் துருவேறிவிட்டன.
2. வீடு திரும்பிய அன்றே அவற்றை எடுத்துவந்து காட்டச் சொன்னார்.
3. அவருடைய மாமியார், நான் அத்தை என்று அழைப்பவர், கடல் மணல் போட்டுத் தேய்த்து போர்வெல்லின் உப்புத் தண்ணீரில் கழுவி வைத்தார். பளபளத்தன. மறுநாள் முன்பைவிட அதிகமாகத் துருப்பிடித்திருந்தன.
4. நான் சரிசெய்தேன்.
5. கிறிஸ்துமஸுக்கு முன்பே அக்கா போய்விட்டார்.

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்களுக்காக அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி மாமா கேட்டார். எனக்கு இப்படி வரிசை போட்டுத்தான் எழுத வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது திருக்கழுக்குன்றத்தை அடுத்த எங்கள் ஊரில். கூலி வேலை செய்த அப்பா இறந்ததும் படிப்பை நிறுத்திவிட்டு, மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவப் போனார். கேக் செய்யக் கற்றது அங்கேதான். நான் டிப்ளமோ முடித்தது அவர் சம்பளத்தில். விடுதியை மூடியபோது, அவர்கள் ஒதுக்கிய பழைய டின்களைக் கேட்டு வாங்கிவந்தார்.

மாமாவை மணந்து மீனவர் குப்பத்துக்கு வந்தபோது தெருவில் கிறிஸ்தவர் அவர் ஒருவர்தான். முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. முதல் கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகக் கேக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதன்பின் எந்த வருடமும் எந்த வீட்டையும் விட்டதில்லை. கல்லீரல் கெட்டுப் படுத்த பிறகும் அவர் கேட்டது அது ஒன்றுதான்: இந்த வருடமும் தெருவுக்குத் தன் கையால் கேக் போக வேண்டும்.

துருவைக் கண்டு அத்தை குழம்பிப்போனார்.

“மீன் சட்டியே மணலுக்கு மின்னுது. இந்தத் தகரத்துக்கு இன்னா கேடு?”

“தேச்சதுல மேல்பூச்சு பூட்ச்சு அத்தே. மிச்சத்த உப்புத் தண்ணி துன்னுட்ச்சு” என்றார் அக்கா. பிறகு மஞ்சள் பாய்ந்த தன் கையை நீட்டி, “இத வேணா கொஞ்சம் மணல் போட்டுத் தேய்ங்க. இந்த மஞ்சளு போவுதான்னு பாக்கலாம்” என்றார்.

அத்தை சிரித்தார். சிரித்துக்கொண்டே வெளியே போனவர் வெகுநேரம் வரவில்லை.

டின்களை நான் வினிகரில் ஊறவைத்தேன். துரு விடாத இடங்களை உருளைக்கிழங்கை வெட்டிச் சமையல் சோடாவில் தொட்டுத் தேய்த்தேன். எண்ணெய்க் கறை படிந்த அலுமினியத் தட்டில் சோடா பட்டால் கறுத்துவிடும். அதில் மட்டும் எலுமிச்சைத் தோலும் புளியும் போட்டுக் கொதிக்கவிட்டேன். எல்லாவற்றையும் கேன் தண்ணீரில் அலசினேன்.

“குடிக்கிற தண்ணீல டின்னு கழுவுறா பாரு, துரைசாணி” என்றார் அத்தை. ஆனால் அடுத்த கேனையும் அவரே தூக்கிவந்தார்.

ஈரம் நிற்காமல் ஓவன் சூட்டில் காயவைத்து எண்ணெய் தடவினேன். அக்கா ஒரு டின்னை வாங்கி உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்தார்.

“பரவால்லடி. வேலைக்கு ஆவும். மாவு எடு.”

எடுத்தேன். அவரால் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. நான் கலக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்றார். மறுநாள் நினைவு தப்பியது. மறுபடி செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனோம். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் மாமாவிடம் சொன்னார்.

கல்பாக்கத்தில் உலோகம் எப்படி அரிக்கப்படுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. துருவுக்கு என்னிடம் வழி இருந்தது. அக்காவுக்கு யாரிடமும் இல்லை. கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம், அவ்வளவுதான் முடிந்தது.

இரத்தம் கொடுத்த குப்பத்துப் பிள்ளைகளுக்கும், அழைத்தபோதெல்லாம் வண்டி எடுத்த ஆட்டோ அண்ணனுக்கும், வேறு மதமென்று பாராமல் கல்லறைவரை தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

டின்கள் இப்போது துருவில்லாமல் இருக்கின்றன. அத்தை அவ்வப்போது எண்ணெய் தடவிவைக்கிறார். சென்ற கிறிஸ்துமஸுக்குத் தெருவுக்குக் கேக் போகவில்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்கு யார் செய்வது என்று எங்கள் வீட்டில் இன்னும் யாரும் பேசவில்லை.