அக்கரைக்குப் போகாத ஜீப்

மழை விட்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலை. தானாகப் படமெடுக்கும் கேமராக்களை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. சாவி மட்டும் அக்காவின் இடுப்பில் இருந்தது. வனவிலங்கு ஆய்வு நிலையத்தில் பயணத் திட்டம் போடுவது அவள் வேலை. நிலையத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. ஆய்வுக்குழுத் தலைவிக்கு மட்டும் கூடப்பிறந்த அக்கா.

ஆறு பெருகினால் என்ன செய்வது என்ற மாற்றுத் திட்டத்தை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொன்னால்தான் சாவி கைமாறும்.

"ஆத்துல கரும்பாறை முங்கியிருந்தா?"

"திரும்பிடணும்," என்றார் டிரைவர், வாய்ப்பாடு ஒப்பிப்பது போல.

"கேமராவ?"

"இக்கரையில, சின்ன ஓடையில கட்டணும்." தங்கை பல்லைக் கடித்தாள். "அங்க தவளைதான் போஸ் குடுக்கும். நீர்நாய் இருக்கிறது அக்கரையிலக்கா. இந்தத் தடவையும் படம் கிடைக்கலன்னா ஆராய்ச்சிய இழுத்து மூடிடுவாங்க."

"மூடட்டும். நீ முழுசா வந்து சேரு."

"உன்னை மாதிரி பயந்தாங்கொள்ளிய எங்கயும் பார்த்ததில்ல!"

"அந்தப் பயந்தாங்கொள்ளிக்குச் சாயங்காலம் போன் பண்ணு." சாவியைக் கொடுத்தாள்.

சொன்ன நேரத்துக்குச் சாட்டிலைட் போன் அடித்தது. தங்கையின் குரலுக்குப் பின்னால் ஆறு இரைந்தது.

"பாறை தெரியலக்கா. ஆனா கயிறு கட்டித் தாண்டிடலாம். இடுப்பளவுதான்."

தங்கையின் பல வருட உழைப்பு அந்தக் கரையில் கிடந்தது. தங்கையோ இந்தக் கரையில் நின்றாள்.

"காலையில உன் டிரைவர் என்ன சொன்னாரு?"

"...திரும்பிடணும்."

"திரும்பு."

திரும்பினார்கள். கேமராக்களை ஓடையோரம் கட்டிவிட்டு வந்த தங்கை, அதன்பின் உப்புக் கேட்பதாக இருந்தாலும் சுவரைப் பார்த்துத்தான் கேட்டாள். ஓடையை அக்கா தேர்ந்தெடுத்தது, ஜீப் நிற்கும் மேட்டிலிருந்து நடந்தே போய்விடலாம் என்பதற்காகத்தான். நீர்நாய் வருமா வராதா என்று அவள் என்ன ஜோசியமா கண்டாள்?

மழைக்காலம் முடிந்து, கேமராக்களைக் கழற்ற ஜீப் மறுபடி போனது. மறுநாள் மதியம், சிக்னல் கிடைக்கும் மலை வளைவிலிருந்து அக்காவின் போனுக்கு ஒரு படம் வந்தது. சேறு அப்பிய நீர்நாய். வாயில் கவ்விய குட்டி. பின்னால் தத்தித் தத்தி இன்னொன்று.

அக்கா நாற்காலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். பக்கத்து அறைக்காரர்கள் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார்கள்.

படத்துக்குக் கீழே தங்கை எழுதியிருந்தாள்: "வெள்ளத்துக்குப் பயந்து குடும்பத்தோட ஓடைக்கு வந்திருக்குக்கா, உன்னை மாதிரியே பயந்தாங்கொள்ளி! கேமரா நிறைய இதுங்கதான். ஆராய்ச்சிய இனி எவனும் மூட முடியாது. சாவி உன் இடுப்புலயே இருக்கட்டும்."