குரல் கேட்டால் உட்காருங்கள்

பாஸ்டர், என் கழுத்தும் இடது கையும் வெந்ததற்கு நீங்கள்தான் காரணம். இதை உங்கள் வீட்டுக்கே வந்து சொன்னேன். ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். என்னைப் போல வலிப்பு நோய் இருப்பவர்களும், அதை வேறு ஏதோ என்று நம்பிக்கொண்டிருப்பவர்களும் சேர்ந்து படிக்கட்டும்.

முதலில் வந்தது குரல். மூக்கண்டப்பள்ளியில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் லைனில் நின்றிருந்தேன். இடது தோளுக்குப் பின்னாலிருந்து யாரோ “ரோசி” என்று கூப்பிட்டார்கள். திரும்பினால் ஒருவரும் இல்லை. ரப்பர் கருகும் வாடை வந்தது. அதன் பிறகு கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

பக்கத்தில் வேலை செய்யும் மஞ்சுளா என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்னா ரோசி, கூப்புட கூப்புட திரும்ப மாட்டேங்கற? வாயில என்னாத்த மென்னுகினு இருக்கற? தனியா துன்னாத, எனக்கும் குடு.”

என் வாயில் எதுவும் இல்லை.

குரல் அடிக்கடி வர ஆரம்பித்தது. வந்ததும் நான் தரையில் உட்கார்ந்துவிடுவேன். யாரும் சொல்லித்தரவில்லை. உடம்பே இடம் தேடி உட்கார்ந்தது.

சபையில் உங்களிடம் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே என்னை மைக் முன்னால் நிறுத்தினீர்கள்.

“கர்த்தர் உன்னப் பேர் சொல்லிக் கூப்பிடறாரும்மா. ராஜா கூப்பிட்டா உக்காந்துகினா இருப்ப? எழுந்து நில்லு. ரெண்டு கையையும் தூக்கு. ‘இருக்கேன் ஆண்டவரே’ன்னு பதில் சொல்லு.”

சூப்பர்வைசர்கூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடவுள் கூப்பிடுகிறார் என்றால் சந்தோஷம் வராதா? வந்தது. வாராவாரம் “வேற என்னம்மா சொன்னார்?” என்று கேட்டீர்கள். என் பெயருக்கு மேல் ஒரு வார்த்தை அந்தக் குரல் சொன்னதில்லை. மீதி எல்லாம் நீங்கள் சொன்னது.

ஒரு சாயங்காலம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. குரல் வந்தது. தரையில் இருந்தவள் எழுந்து நின்றேன். கையைத் தூக்கினேன். “இருக்கேன் ஆண்டவரே” என்றது நினைவிருக்கிறது. கொதிக்கிற சோற்றுப் பானையோடு அடுப்பின் மேல் விழுந்தேனாம். அடுத்து நினைவிருப்பது அரசு ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டு.

அங்கே இருந்த டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டார். “உக்காந்துதானே காய் நறுக்கினீங்க? ஏன் எழுந்தீங்க?”

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“குரலுக்கு அப்புறம் ஏதாவது வாடை வருதா?”

“ரப்பர் கருகற வாடை, மேடம்.”

“வாய் சும்மா மெல்லுதா?”

என் கணவர் செல்வம் முந்திக்கொண்டார். “தூக்கத்துல மெல்லுவா மேடம். கனவுல பிரியாணி துன்றான்னு நெனச்சேன்.”

புண் ஆறியதும் பெங்களூருக்கு அனுப்பினார்கள். தலை முழுக்க ஒயர் ஒட்டி இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை) எடுத்தார்கள். பிறகு ஸ்கேன். எனக்கு இருப்பது குவிய வலிப்பு (மூளையின் ஒரு பகுதியில் மட்டும் தொடங்கும் வலிப்பு) என்றார்கள். குரலும் வாடையும் முன்னுணர்வு (வலிப்பு தொடங்கும்போதே நோயாளிக்குத் தெரியும் அறிகுறி). கை கால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்று நினைத்திருந்தேன். வெறித்துப் பார்ப்பதும் வாய் மெல்லுவதும்கூட வலிப்புதானாம்.

“அப்ப அது கடவுள் இல்லையா சார்?” என்று கேட்டேன்.

கன்னடக்கார டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “அது நனகெ கொத்தில்லம்மா, எனக்குத் தெரியாது. குரல் கேட்டா அடுப்பு, மெஷின் பக்கத்துல இருந்து தள்ளிப்போய் தரையில உக்காரணும். மாத்திரைய நீங்களா நிறுத்தக் கூடாது. எனக்குத் தெரிஞ்சது இதுதான்.”

மாத்திரையில் குரல் நின்றது. அதற்கும் அழுதேன். அது நோயாகவே இருக்கட்டும், என்னைக் கூப்பிட ஒன்று இருந்ததே. ஜெபத்தில் உட்கார்ந்தால் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. கடவுளிடம் சண்டை போட்டேன்.

டாக்டர் சொன்னதை எல்லாம் உங்களிடம் வந்து சொன்னேன், பாஸ்டர். “மாத்திர போட்டு கர்த்தரோட சத்தத்த அடைச்சிட்டியே” என்றீர்கள். அடுத்த ஞாயிறு, பெயர் சொல்லாமல், அவிசுவாசத்தால் அழைப்பை இழந்த ஒரு சகோதரியைப் பற்றிப் பிரசங்கித்தீர்கள். சபை மொத்தமும் திரும்பி என் கழுத்தைப் பார்த்தது.

அதையும் விழுங்கியிருப்பேன். ஆனால் போன மாதம் பாட்டு நேரத்தில் பிரேமாவைப் பார்த்தேன். கல்யாணமாகி நம் சபைக்குப் புதிதாக வந்த பெண். கண் ஒரே இடத்தில் நிலைகுத்தி இருந்தது. வாய் மென்றுகொண்டிருந்தது. அவளுக்கு மணிச்சத்தம் கேட்கிறதாம். அவளையும் மைக்குக்குக் கூப்பிட்டு, எழுந்து நிற்கச் சொன்னீர்கள்.

அன்றிலிருந்து ஒன்று என்னை விடவில்லை. குரல் இல்லை, வாடை இல்லை. லைனில் ஒயர் கட்டும்போதும் துணி துவைக்கும்போதும், அவளிடம் போய்ச் சொல் என்று உள்ளே அரித்தது. எனக்கென்ன வந்தது என்று சாக்குச் சொல்லிப் பார்த்தேன். அடங்கவில்லை. இதுதான் கடவுளின் சத்தம் என்று மைக்கில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் எழுந்து கை தூக்கச் சொல்லாமல் இன்னொருத்தி வீட்டுக்கு நடக்கச் சொன்னது. நடந்தேன். என் பதில் அவ்வளவுதான்.

பிரேமாவின் மாமியார் கதவை மறித்து நின்றார். “பாஸ்டரு நிக்க சொல்றாரு, நீ உக்கார சொல்ற. உனக்கு வந்தது போயிடுச்சி, அந்த வயித்தெரிச்சலா?”

கைத்தழும்பைக் காட்டினேன். பிரேமா அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “பாஸ்டர் சொன்னா உக்கார்றேன்க்கா. ஆஸ்பத்திரிக்கும் போறேன்.”

இப்போது என் நாள் காலை மாத்திரைக்கும் ராத்திரி மாத்திரைக்கும் நடுவில் ஓடுகிறது. எந்த இடத்துக்குப் போனாலும் விழுந்தால் எதன் மேல் விழுவேன் என்று கண் முதலில் பார்க்கிறது. அக்குளில் தோல் சுருங்கிவிட்டதால் இடது கை தோளுக்கு மேல் போகாது. ஆராதனையில் எல்லோர் கையும் உயரும்போது என்னுடையது பாதியில் நிற்கும். நீங்கள் மேடையிலிருந்து அதைப் பார்க்கிறீர்கள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள்.

பிரேமா வீட்டிலும் அடுப்பு இருக்கிறது, பாஸ்டர். அவள் உங்கள் ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கிறாள். என்னிடம் தனியாக எதுவும் சொல்ல வேண்டாம், எனக்காக ஜெபிக்கவும் வேண்டாம். வருகிற ஞாயிறு, என்னை நிறுத்திய அதே மைக்கில், சபை முன்னால் சொல்லுங்கள்: மணிச்சத்தம் கேட்டால் பிரேமா நிற்க வேண்டுமா, உட்கார வேண்டுமா?