திராட்சை மணக்கும் கிருமி

எங்கள் தொழிலில் பிடிவாதக் கிருமி வந்தால் கொண்டாட்டம். எந்த மருந்துக்கும் மசியாத கிருமியை நாம் செய்த மருந்து கொன்றால்தானே பேர்? அதனால் மருத்துவமனையிலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு வரும் கிருமிகளில் எது படுமோசமோ, அதற்குத்தான் போட்டி. அது யார் உடம்பிலிருந்து எடுத்தது என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். கிருமி வளரும் தட்டின் மேல் ஓர் எண் மட்டும் இருக்கும்.

என் மருந்து கடலிலிருந்து வந்தது. மன்னார் வளைகுடாவில் பாறையில் ஒட்டி வாழும் கடற்பஞ்சு பார்க்கச் செடி மாதிரி இருக்கும், ஆனால் விலங்கு. அதன் உடம்புக்குள் குடியிருக்கும் பூஞ்சையைப் பிரித்து டெல்லியில் வளர்த்தேன். பூஞ்சை ஊறிய நீரை வடிகட்டி, வெள்ளி உப்புக் கரைசலில் ஊற்றி இருட்டில் வைத்தால், மறுநாள் பால் விடாத கட்டஞ்சாயா நிறத்துக்கு வந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் உண்டாகிவிட்டன என்று அர்த்தம். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த என் கணவருக்கு இது நல்ல வேடிக்கை. "தூத்துக்குடிலேர்ந்து வந்து டீ போடறா, யார். அதுக்கு ஒரு டாக்டர் பட்டம் வேற" என்பார் வருகிறவர்களிடம், இந்திக்காரர்கள் நண்பனைக் கூப்பிடும் அந்த 'யார்' சேர்த்து.

போன மழைக்காலத்தில், மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பு வாசலிலேயே அவர் ஸ்கூட்டர் சறுக்கியது. வலது பாதத்தில் ஒரு கிழிசல், அவ்வளவுதான். ஆனால் அவருக்குச் சர்க்கரை உண்டு. புண் ஆறாமல் மருத்துவமனையில் சேர்த்தோம். ஊசி மாற்றி ஊசி போட்டார்கள். எதுவும் கேட்காவிட்டால் பாதத்தின் முன்பகுதியை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த நாட்களில்தான் எனக்கு அந்தக் கிருமி கிடைத்தது. தட்டு முழுக்கப் பளிச்சென்ற பச்சை. மூடியைத் திறந்தால் பழுத்த திராட்சை வாசனை. மருத்துவமனையில் கொடுக்கும் மருந்துகள் தோய்த்த காகித வில்லைகளை வரிசையாக வைத்தேன்; நடுவில் ஒரு குழி வெட்டி என் மருந்தை ஊற்றினேன். கிருமி எல்லா வில்லைகளின் விளிம்புவரை வளர்ந்து நின்றது, ஏதோ சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததுபோல. என் பழுப்பு நீரை ஊற்றிய குழியைச் சுற்றி மட்டும் தெளிவான ஒரு வட்டம். அங்கே ஒன்றுகூட இல்லை. நான் கைதட்டினேன். அறையே கைதட்டியது.

மாலையில் வார்டுக்குப் போய் அவருக்கு அந்தப் படத்தைக் காட்டினேன். "டீ ஜெயிச்சிடுச்சா?" என்று சிரித்தார். அப்போது சிஸ்டர் கட்டுப் பிரிக்க வந்தார். கடைசிச் சுற்றும் விலகியது. துணியில் அதே பச்சை. கட்டில் முழுக்கத் திராட்சை வாசனை. டாக்டரைத் தேடி ஓடிக் கேட்டேன். விசாரித்துவிட்டு, ஆமாம், இவருடைய புண்ணிலிருந்து எடுத்ததைத்தான் உங்களிடம் அனுப்பியிருக்கிறோம் என்றார். நான் கைதட்டிக் கொண்டாடிய கிருமி என் வீட்டுக்காரர் காலைத் தின்றுகொண்டிருந்தது.

திரும்பி வந்து சொன்னபோது என் கணவர் பதறவில்லை. "அச்சா, உன் பாட்டில்ல அது செத்துடுச்சுல்ல? அப்போ கொண்டு வா. ஜல்தி."

"என்ன பேசுதீங்க? அது இன்னும் மருந்தே ஆகல."

"கால் என்னோடது. நான் ஓகே சொல்றேன்."

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. பாட்டில் குளிர்பெட்டியில்தான் இருந்தது. பக்கத்து அறையில் மனிதத் தோல் செல்களை வளர்க்கும் தோழியிடம், கிருமியைக் கொன்ற அதே அளவைக் கொடுத்துச் சோதிக்கச் சொன்னேன். மறுநாள் அவள் நுண்ணோக்கியிலிருந்து விலகி இடம் விட்டாள். உயிருள்ள செல்கள் தட்டோடு ஒட்டிப் படர்ந்து கிடக்கும். நான் பார்த்தபோது எல்லாம் உருண்டு மிதந்தன. ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. தட்டில் நான் கொண்டாடிய அந்த வட்டத்துக்குள் அவர் தோல் இருந்திருந்தால் அதுவும்தான் செத்திருக்கும். போய் அவரிடம் சொன்னேன். அவர் அறுவைக்கான படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு நாளில் முன்பாதத்தை எடுத்தார்கள்.

இப்போது செல்களைக் கொல்லாமல் கிருமியை மட்டும் கொல்லும்படி துகள்களை மாற்றப் பார்க்கிறேன். அதற்கு அந்தக் கிருமி வேண்டும். முன்பாதத்தை வெட்டி எறிந்தாயிற்று, அதைத் தின்றது மட்டும் எங்கள் உறைபெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அவ்வப்போது எடுத்துப் புதுத் தட்டில் சாப்பாடு போட்டு வளர்ப்பது நான்தான். ஒவ்வொரு முறையும் அந்தத் திராட்சை வாசனைக்குக் குமட்டுகிறது.

மெட்ரோ பிடித்து வீட்டுக்கு வந்தால், சோஃபாவில் காலை நீட்டியபடி அவர் கேட்பார்.

"அது எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. செல்லுதான் இன்னும் சாகுது."

"பாத்துக்கோ, யார். அதுக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாது."