பசி டானிக் வித்த பஞ்ச காலம்

மருந்து விக்கிறவன் பொழப்பே, நல்லா நடந்து போற மனுஷனை நிறுத்தி, "என்னண்ணே, முகம் வாடிக் கிடக்கு?"ன்னு கேட்கிறதுதான்.

வீடு வீடா சாமான் வித்து நாய்க்கடி வாங்கினவங்களே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். மலாக்காவுல அவசரகாலம் நடந்த வருஷங்கள் அது. காட்டுல இருந்து அரசாங்கத்தோட சண்டை போடுற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடும் மருந்தும் போயிடக் கூடாதுன்னு அரிசிக்கு ரேஷன், ரோட்டுக்கு ரோடு போலீஸ் தடுப்பு. அந்த நேரம் பார்த்து ஒரு கம்பெனி என் கையில பசி டானிக்கைக் குடுத்து எஸ்டேட்டுகளுக்கு அனுப்புச்சு. மூணு மாசத்துல ஒரு பெரிய ஆர்டர் கொண்டு வரணும், இல்லேன்னா வேலை கிடையாது. வேலை நிரந்தரமானாத்தான் பொண்ணு தருவேன்னு நான் கட்டிக்க இருந்த செல்வியோட அப்பா வேற சொல்லிட்டாரு. எனக்குத் தூக்கமே போச்சு.

காலண்டர் மட்டும் போதும்

செர்காம் பக்கத்து எஸ்டேட்ல காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு ஆளுங்க கூடுற இடத்துல வேனை நிறுத்தினேன். சின்ன புட்டி இனாம், கூடவே முருகன் படம் போட்ட காலண்டர். கம்பெனி சொல்லிக் குடுத்த மாதிரியே, "ரெண்டு கரண்டி குடிங்க, கபகபன்னு பசி எடுக்கும்"னு கத்தினேன். கூட்டம் காலண்டரை மட்டும் வாங்கிக்கிட்டு நகர்ந்துச்சு.

ரப்பர் பால்மரம் வெட்டுற அஞ்சலையக்கா மட்டும் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. அப்புறம் என் கையிலேயே வச்சுட்டாங்க. "அரிசியை அளந்து குடுக்கிறான், வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகக் கூடாதுங்கிறான், இதுல பசி வேற எடுக்கணுமா? பசியை அடக்குற மருந்து இருந்தா கொண்டா தம்பி."

எல்லாத்தையும் திற

ரெண்டாம் மாசம் சாலைத் தடுப்புல பிடிச்சுக்கிட்டாங்க. கடையில பால் டின் வித்தாலே பொத்தல் போட்டுத்தான் குடுக்கணும்னு சட்டம். பொத்தல் போட்டா சீக்கிரம் கெட்டுப் போயிடும், காட்டுக்குப் போகாது. அதையே என் புட்டிக்கும் வச்சுட்டாரு கார்ப்பரல். "பூக்கா செமுவா!" எல்லாத்தையும் திறன்னு மலாய்ல ஒரு அதட்டல். பெட்டி பெட்டியா சீலை உடைச்சு மூடியைத் திறந்தேன். அழுகையே வந்துடுச்சு.

கூட நின்ன ஸ்பெஷல் கான்ஸ்டபிள் மாரிமுத்து ஒரு புட்டியை மோந்து பார்த்துப் பையில போட்டுக்கிட்டாரு. "கோவிச்சுக்காத தம்பி, பால் டின்னுக்கே பொத்தல் போடுறோம், ஒன் மருந்து என்ன பெரிய தொரையாலா?"

டிரஸ்ஸர் வீட்டுச் சாப்பாடு

அதே வேனோட அடுத்த எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீல் இல்லாத புட்டியைப் பார்த்ததும் அங்க வைத்தியம் பார்க்கிற டிரஸ்ஸர், "நீயே குடிச்சுக் காட்டு, நம்புறேன்"னாரு. வேலை போயிடுமேங்கிற பயத்துல நாலு புட்டியைக் காலி பண்ணிட்டேன்.

மத்தியானம் ஆச்சு. மரியாதைக்கு வீட்டுக்குக் கூப்பிட்டாரு. ஐயோ, அன்னைக்கு எனக்கு வந்த பசி! வெட்கமில்லாம மூணு தடவை சோறு கேட்டேன். மூணாவது தடவை உள்ளே அவரோட சம்சாரம் பானையைச் சுரண்டுற சத்தம் கேட்டுச்சு. அப்பதான் உறைச்சுது, அது வீட்டுல எல்லாருக்குமான சோறு. தலை நிமிர முடியல.

வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாரு மனுஷன். "மருந்து நல்லாவே வேலை செய்யுது தம்பி. அதனாலதான் எனக்கு வேண்டாம்."

கையெழுத்து

மூணாம் மாசக் கடைசி வாரம். ஆர்டர் ஒண்ணுகூட இல்ல. செல்வி வீட்டுல என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே வந்தா, அதே தடுப்பு. மாரிமுத்து கை காட்டினாரு. அவர் கேட்கிறதுக்கு முன்னாடியே நான் மூடியைத் திறக்க ஆரம்பிச்சேன். "நிறுத்து நிறுத்து! காட்டுல ரோந்து போய்க் காய்ச்சல்ல படுத்தவங்களுக்குச் சோறே இறங்கல. அன்னைக்கு உன்கிட்ட எடுத்த புட்டியைக் குடிச்சவன் எழுந்து உட்கார்ந்து சாப்பிடுறான்"னாரு. அவங்க முகாம்ல அரிசிக்குப் பஞ்சமில்ல. பெரிய ஆர்டர், இன்ஸ்பெக்டர் கையெழுத்தோட!

பறந்து போய் கம்பெனி மானேஜர் மேசையில வச்சேன். போலீஸ் முத்திரையைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துப் போச்சு, முழுசாப் படிச்சப்புறம்தான் மூச்சு வந்துச்சு. "நல்லவேளை, உன்னை ஜாமீன்ல எடுக்கச் சொல்லி வந்த கடுதாசின்னு நெனச்சேன்லா!"

பசி மருந்தை வீட்டுல சோறு இருக்கிறவன்கிட்டதான் விக்க முடியும்னு கம்பெனி எனக்குச் சொல்லித் தரல, டிரஸ்ஸர் வீட்டுப் பானைதான் சொல்லித் தந்துச்சு.