ஆடிட்டர் ஃபீஸ்ல குறைச்ச இருநூறு

திருநள்ளாத்துல எங்களுக்கு எள்ளு விளக்கு, நல்லெண்ணெய், கருப்புத் துணி விக்கிற கடை. சனிக்கிழமை ஆனா உக்காந்து ஒரு வாய் சோறு திங்க நேரம் இருக்காது. மத்த நாள்லயும் பஸ்ஸு வந்து நின்னா நாலு பேர் எறங்குவாங்க. வருஷத்துல ஒரே ஒரு நாள்தான் கடைக்குப் பூட்டு. காரைக்காலுக்கு ஆடிட்டரைப் பாக்கப் போற நாள் அது.

ஆடி மாசத்துல ஒரு புதன்கிழமையாப் பாத்துப் போவோம். வருஷத்து பில்லையெல்லாம் மஞ்சப்பையில திணிச்சு மடியில வச்சுக்கிட்டு, எங்க வீட்டுக்காரரோட டி.வி.எஸ்.ல பின்னாடி உக்காந்துக்குவேன். கடையில நாள் பூரா பக்கத்துல பக்கத்துல நின்னாலும் எண்ணெய் எவ்வளவு இருக்கு, சில்லறை இருக்கான்னுதான் பேச்சு. வண்டியிலதான் மனுஷர் வாயைத் தொறந்து நாலு வார்த்தை பேசுவாரு.

ஆடிட்டர் ஆபீஸ் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில. செங்குத்தான படி. "இந்த வருஷம் வருமானம் எவ்வளவும்மா?"ம்பாரு. "என்ன சார் பெரிய வருமானம்? வரி வராத மாதிரி போட்டுடுங்க"ம்பேன். பையில இருக்கிறதுல பாதிதான் பில்லு, மீதியெல்லாம் துண்டுச்சீட்டு. அவரு கண்ணாடியக் கழட்டி என்னை ஒரு பார்வை பாப்பாரு. அப்புறம் நான் சொன்ன மாதிரியே எழுதுவாரு.

அடுத்து ஃபீஸு. ஆயிரத்து ஐநூறு கேப்பாரு. விடுவேனா நான்? "ஒரு ஃபாரம் நெரப்ப ஆயிரத்து ஐநூறா? அதுக்கு நான் எத்தனை விளக்கு விக்கணும் தெரியுமா சார்?"னு ஆரம்பிச்சா, அவரே கையெடுத்துக் கும்பிட்டு ஆயிரத்து முந்நூறுக்கு எறங்கி வருவாரு. எங்க வீட்டுக்காரர் அந்த நேரம் பூரா சுவத்துல மாட்டியிருக்கிற காலண்டரையே பாத்துக்கிட்டு நிப்பாரு. பொண்டாட்டி சண்டை போட்டா இவருக்கு வெக்கம்.

கீழ எறங்கி வந்ததும் சட்டைப்பையைத் தடவுவாரு. "அடடா, சாவிய மேலயே வச்சிட்டேன்." திரும்பவும் படியேறி ஓடுவாரு. வருஷா வருஷம் இதே கூத்து. "தலைய மறந்து வச்சிட்டு வந்தாலும் வருவீங்க"ன்னு கத்துவேன். குறைச்ச இருநூறுலதான் எங்களுக்குப் பூரிக்கெழங்கும் காப்பியும். அது முடிஞ்சு கடற்கரையில ஒரு மணி நேரம். என் சாமர்த்தியத்துல தின்ன பூரி, அப்படி ருசிக்கும்.

ஒரு வருஷம் ஆடிட்டர் சொன்னாரு, "உள்ளதைப் போடுவோம்மா. வரி கொஞ்சந்தான் வரும், பின்னாடி ஒதவும்." எனக்கு வந்துச்சே கோவம்! "உங்களுக்கும் குடுத்து கவர்மெண்டுக்கும் குடுத்துட்டு நான் என்ன சட்டியத் தூக்கிக்கிட்டுக் கோயில் வாசல்ல உக்காரவா?"ன்னு பொரிஞ்சு தள்ளிட்டேன். அவரு பழையபடி நான் சொன்னதையே எழுதினாரு.

அதுக்கு அடுத்த தை மாசம், நாங்க வாடகைக்கு இருந்த கடையோட ஓனர் வந்தாரு. எடத்தை விக்கப் போறேன், பத்தொம்பது வருஷமா இருக்கீங்க, மொதல்ல உங்களுக்குத்தான் சொல்றேன், ரெண்டு மாசத்துல முடிவு சொல்லுங்கன்னாரு. கோயிலுக்குப் போற வழி. அந்த எடம் போனா யாவாரமும் போச்சு. கையில இருந்த நகைய வச்சா பாதி தேறும், மீதிக்கு பேங்கு லோன்.

பேங்குல ஒரு சின்னப் பொண்ணு எங்க மூணு வருஷத்து ரிட்டர்னையும் பெரட்டிப் பாத்துச்சு. "இந்த வருமானத்துக்கு இவ்வளவு லோன் வராதும்மா"ன்னுச்சு. திரும்ப ஒரு தடவை பாத்துட்டு, "இதுல புள்ளைங்களோட நாலு பேரு எப்படிம்மா சாப்புடுறீங்க?"ன்னு கேட்டுச்சு. குத்திக் கேக்கல, நெசமாவே பாவப்பட்டுக் கேட்டுச்சு. நான் ரிட்டர்னையெல்லாம் வாரி மஞ்சப்பையில திணிச்சுக்கிட்டு எந்திரிச்சேன்.

அங்கேருந்து நேரா ஆடிட்டர்கிட்ட போனோம். பழசை மாத்த முடியுமான்னு கேட்டேன். "போட்டது போட்டதுதான்மா. இனிமே உள்ளதைப் போட்டுக்கிட்டு வருவோம். மூணு வருஷம் பொறுத்துக்குங்க"ன்னாரு. நான் அப்பவே சொன்னேனேன்னு ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு. வர்ற ஆடிக்கு ஃபீஸ்னு ஆயிரத்து ஐநூறையும் முழுசா எடுத்து மேசையில வச்சேன். பேரம் பேசத் தெம்பு இல்ல.

அவரு எண்ணிப் பாத்துட்டு எங்க வீட்டுக்காரரைப் பாத்துச் சிரிச்சாரு. "அப்ப இந்த வாட்டி நீங்க சாவிய மறக்க வேண்டியதில்ல."

எங்க வீட்டுக்காரர் காலண்டர் பக்கம் திரும்பிக்கிட்டாரு. ஒவ்வொரு வருஷமும் மேல ஓடிப்போயி நான் குறைச்ச இருநூறைக் குடுத்துட்டுத்தான் வந்திருக்காரு மனுஷர். கீழ வந்து புடிபுடின்னு புடிச்சேன். "ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ பூரி திங்க வந்திருப்பியா?"ன்னாரு. நடுரோட்டுல அழுதேன்.

எடம் போயிடுச்சு. இப்ப அங்க லாட்ஜு. நாங்க பின்தெருவுக்கு வந்தோம். மூணு வருஷம் உள்ளதைப் போட்டு, வயிறெரிஞ்சு வரி கட்டி, லோன் வாங்கி, எட்டுக்குப் பத்துல ஒரு ரூம்பை எங்களுதுன்னு வாங்கிட்டோம். எங்க வீட்டுக்காரர் அதுல கல்லாவுல உக்காந்தது ஒன்றரை வருஷந்தான். நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனவரு வீட்டுக்கு வரல.

இப்ப எல்லாம் போன்லயே அனுப்பலாம், பணத்தையும் போன்லயே போடலாம்மாங்குறாரு ஆடிட்டர். நான் கேக்கறதில்ல. போன ஆடியிலயும் கடையப் பூட்டிட்டு, மஞ்சப்பையோட பஸ் ஏறிப் போனேன். மூவாயிரம் கேட்டாரு. சண்டை போட்டு ரெண்டாயிரத்து எண்ணூறுக்குக் கொண்டாந்தேன். படியெறங்கிக் கீழ வந்து, அவரு வண்டிய நிறுத்துற எடத்துல கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் திரும்ப மேல ஏறினேன்.

"என்னம்மா?"ன்னாரு.

"பையை மறந்துட்டேன் சார்."

பை என் கையிலதான் இருந்துச்சு. அவரும் பாத்தாரு. நான் நீட்டின அந்த இருநூறை வாங்கிக்கிட்டாரு.