பூனை திறந்த கதவு

போன வருடம், மழை பிடித்திருந்த சமயம். மலேசியாவில், கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வீட்டில் நடந்தது இது.

என் வீட்டுக்காரர் அந்தத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் விடிந்ததும் பெரட்டுக்களத்தில் நின்று, ஒவ்வொருவர் பேராகக் கூப்பிட்டு ஆள் எடுப்பார். குரல் மேட்டு லயத்து வீடுகள் வரைக்கும் கேட்கும். நானும் அவர் கும்பலில் கொழுந்து கிள்ளியவள்தான். கட்டின நாளிலிருந்து வீட்டில் அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா புள்ள" என்பதோடு சரி. பெரட்டில் மட்டும்தான் என் பேர் அவர் வாயில் வரும். அதைக் கேட்பதற்காகவே நான் முன்னாடி போய் நிற்பேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கடைசிக் காலத்தில் அவருக்கு ஞாபகம் போய்விட்டது. "நீங்க யார் வீட்டும்மா?" என்று என்னையே கேட்பார். சோறு ஊட்டினால் கைகூப்புவார். அக்கம்பக்கத்தில் நான் மூச்சு விடவில்லை. அத்தனை பேரை அதட்டி வேலை வாங்கிய மனிதரைப் பார்த்து ஒருத்தரும் ஐயோ பாவம் என்று சொல்லக்கூடாது. கதவைச் சாத்தியே வைத்திருந்தேன்.

அவருக்குக் கதவு திறக்கத் தெரியாமல் போயிருந்தது. எங்கள் பூனைக்குத் தெரிந்திருந்தது. வெளியே விடாமல் வளர்த்த சாம்பல் நிறப் பூனை. மகன் புதுக்கதவு போட்டபோது, கீழே அமுக்கித் திறக்கிற மாதிரி பிடி வைத்தான். பூனை எகிறிக் குதித்துப் பிடியில் தொங்கும். கதவு விலகியதும் வாலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். "பெரட்டுக்குப் போறா பாரு, கெட்டிக்காரி" என்று அவர் சிரிப்பார். அதனால் மேல்தாழ்ப்பாளும் போட்டு வைப்பேன்.

அன்றைக்குக் கேஸ் கொண்டுவந்த ஆளை அனுப்பிவிட்டுத் தாழ்ப்பாள் போட மறந்துவிட்டேன். அடுப்படியிலிருந்து வந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது. பூனையும் இல்லை, அவரும் இல்லை. வாசலில் அவர் செருப்பு மட்டும் கிடந்தது.

வெளியே பனியும் தூறலும். அந்தக் குளிரில் வெறுங்காலோடு எங்கே போனாரோ! பக்கத்து வீட்டுக்காரியிடம் ஓடிப்போய் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று.

"எங்களுக்குத் தெரியாதாக்கா? நீங்களே சொல்லட்டும்னுதான் இருந்தோம் லா. வாங்க, தேடிப் பாக்கலாம்" என்றாள்.

இரண்டு பேரும் கத்திக்கொண்டே தேயிலைக்குள் இறங்கினோம். பழைய பெரட்டுக்களத்தை நெருங்கும்போது அவர் குரல் கேட்டது. எத்தனையோ காலமாகக் கேட்காத அந்த அதட்டல் குரல்.

களத்து நடுவில் நிமிர்ந்து நின்றார். அவர் மேல் யாருடையதோ மழைக்கோட்டு. எதிரே, கொழுந்து வெட்டும் மிஷினைக் கீழே வைத்துவிட்டு, வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவன் தொப்பலாக நனைந்து நின்றான். அவன் காலடியில் பூனை. இவர் செத்துப்போனவர்கள் பேரையெல்லாம் கூப்பிடுகிறார். ஒவ்வொரு பேருக்கும் அவன் அரைகுறைத் தமிழில், "இருக்கு கங்காணி" என்கிறான். பக்கத்து வீட்டுக்காரி அவரைப் பிடிக்கப் போனாள். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். "கொஞ்சம் பொறு அக்கா. பேர் இன்னும் முடியல."

அப்போது என் பேரைக் கூப்பிட்டார். தப்பில்லாமல், என் அப்பா பேரோடு சேர்த்து. அவன் வாய் திறக்குமுன் நான் கையைத் தூக்கி, "இருக்கேன் கங்காணி" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "லேட்டு. நாளைக்கு நேரத்தோட வா புள்ள."

அதோடு அவர் கால் மடங்கிவிட்டது. அந்தத் தம்பிதான் முதுகில் சுமந்து வீட்டில் கொண்டுவந்து சேர்த்தான். டீ போட்டுக் கொடுத்தேன். நின்றபடியே குடித்துவிட்டு வேலைக்குப் போனான்.

அந்தக் குளிர் நெஞ்சில் இறங்கி, மாதம் முடியுமுன் அவர் போய்விட்டார். களத்தில் கூப்பிட்ட அந்த நாளுக்கு அப்புறம் ஒரு தடவைகூட அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

பூனையைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடச் சொன்னான் மகன். நான் கேட்கவில்லை. இப்போதும் அது பிடியில் தொங்கிக் கதவைத் திறக்கிறது. வாசலில் நின்று, பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறது. அது திறந்த கதவு வழியாகத்தான் என் மனிதர் போனார், அதே கதவு வழியாகத்தான் என் பேரும் ஒரு தடவை திரும்பி வந்தது. அதனிடம் கோபப்படுவதா, அதைக் கும்பிடுவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.